வெறும் ஓம்

அன்று அரங்கில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், தங்கை இருந்தாள். அப்பாவோடு பேக்கரியில் பாண் தட்டு அடுக்கும் சமோவாக்காரர் ஒருவரும் அவருடைய மனைவியும் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களை அப்பாதான் பெருமையோடு கூட்டிவந்திருந்தார். பின் வரிசைகளில் கோயிலில் பார்க்கிற முகங்கள் பல. அம்மா வரவில்லை. முதியோர் இல்லத்தில் அவருக்குப் பின்னேர வேலை, மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அப்பாவின் தம்பியும் இல்லை. அவர் இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில் இறந்துபோனவர். ஆனால் அன்று ஓக்லாந்தில் ஒரு அரங்கு நிறைந்த சனம் வயிறு குலுங்கச் சிரித்தது அவரைப் பற்றிய ஒரு கேள்விக்குத்தான்.

மேடையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் அண்ணா. அம்மாவின் அக்காவுடைய மகன். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பிரித்தானியத் தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கு முகத்தைக் காட்டினால் தெரியும், பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த அளவுக்குப் பிரபலம்.

எங்கள் வீட்டில் அவர் ஒரு கதாநாயகன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதைவிடக் கொஞ்சம் கூட. பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். நான் பதினொரு வயதில் இந்த ஊருக்கு வந்தபோது ஆங்கிலத்தை அண்ணாவின் வாயைப் பார்த்துத்தான் பழகினேன் என்று சொன்னால் மிகையில்லை. அவருடைய தொடர் இங்கே ஒளிபரப்பாகும்போது நான் ஒவ்வொரு வசனத்தையும் அவரோடு சேர்ந்து சொல்வேன். தங்கை, “இவனுக்கு லூஸ்” என்று அம்மாவிடம் முறையிடுவாள்.

அண்ணாவின் வாழ்க்கை எங்களுக்குத் தொலைபேசி வழியாகத்தான் வந்து சேர்ந்தது, அதுவும் பெரியம்மா திருத்திய பதிப்பில். அவர் மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டார். பெரியம்மா அதை மறைத்து, “மேற்படிப்புப் படிக்கிறான்” என்றே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். மேற்படிப்பு நடந்த இடங்கள் மதுக்கடைகளின் மாடி அறைகள். பத்துப் பதினைந்து பேர் முன்னால் பகிடி சொல்வது, சிரிக்காவிட்டால் கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வருவது. இதை அண்ணாவே பிறகு எனக்குச் சொன்னார்.

தொலைக்காட்சியில் அவர் முதன்முதலில் தோன்றியது ஒரு மருத்துவமனைத் தொடரில். படுத்திருப்பவரின் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, நேரத்தைச் சொல்லி, ஆள் முடிந்துவிட்டார் என்று அறிவிக்கும் வைத்தியர். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் முதலாகத் திரையில் வருகிற பிள்ளை இழவு சொல்லிக்கொண்டு வரலாமா என்று கவலைப்பட்டார். பெரியம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. மருந்தாளர் ஆகாவிட்டாலும் டொக்டர் ஆகிவிட்டான் என்றார்.

அதற்குப் பிறகு கொள்ளையடிக்கப்படும் கடைக்காரர். டாக்ஸிக்காரர். இன்னொரு டாக்ஸிக்காரர். ஒரு துப்பறியும் தொடரில் வாயே திறக்காத சந்தேக நபர். மூன்று பாகங்களிலும் முகத்தை மூடியே கொண்டுபோனதால், அது அவர்தான் என்பதற்குப் பெரியம்மாவின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கடைசியில்தான் ஒரு நகைச்சுவைத் தொடரில் பக்கத்து வீட்டுக்காரர் வேடம் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் ஏணி இரவல் கேட்டு வருகிற மனிதர். அது பல வருடங்கள் ஓடியது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பேசிய ஆங்கிலம் யாருடையது என்று மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அது தமிழர்களின் ஆங்கிலமும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை. அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார். “ஆர் இப்பிடிக் கதைக்கிறது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் சிரிப்பார்.

அந்தத் தொடர் முடிந்த பிறகு அண்ணா தன் மேடை நிகழ்ச்சியோடு நியூசிலாந்துக்கு முதல் தடவையாக வந்தார். விடுதி அறை கொடுத்திருந்தார்கள். அவர் அதில் தங்கவில்லை. லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் வரவேற்பறையில் படுத்தேன். அப்பா, தன் வாழ்க்கையில் காய்ச்சலுக்குக்கூட எடுக்காத மனிதர், வருடாந்த லீவு எடுத்தார். அண்ணாவை பிளொக்ஹவுஸ் பே கடற்கரைக்குக் கூட்டிப்போனார், கோயிலுக்குக் கூட்டிப்போனார், பேக்கரிக்கே கூட்டிப்போய் பாண் வேகும் இடத்தைக் காட்டினார்.

அண்ணா நல்லவராகவே இருந்தார். இதை நான் எழுதத்தான் வேண்டும். அம்மாவின் சமையலை விரலால் வழித்துச் சாப்பிட்டார். என் பல்கலைக்கழகப் பாடங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டார். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும், “நிறுத்தாத” என்றார். அவருக்குத் தமிழ் முழுதாக விளங்கும். பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்குள் சறுக்கிவிடுவார், அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம், சமையலறை மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் அப்பாவிடம் அகதிக் கோரிக்கை நேர்காணலைப் பற்றிக் கேட்டார். நான் அதிர்ந்துபோனேன். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் அப்பா சொன்னார். அதுவும் பகிடியாகவே சொன்னார்.

கதை இதுதான். அப்பா எங்களை வவுனியாவில் விட்டுவிட்டுத் தனியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். நேர்காணலில் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், ஒரு பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலாக. அவர் தமிழ்நாட்டுக்காரர். ஓம் என்றால் ஆமா என்பது அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கிறவர் நடுநடுவே ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லுங்கோ, காது இங்கேதான் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அப்பா உண்மையிலேயே ஒப்புக்கொள்வதாக இருந்தால் ஓமோடு நிற்க மாட்டார், வினையையும் சேர்த்தே சொல்வார். ஓம், வாறன். ஓம், சாப்பிட்டன். வெறும் ஓம் பதில் அல்ல.

மொழிபெயர்ப்பாளர் ஒரு நீண்ட கேள்வியைத் தொடங்கினார். உங்க தம்பி இப்போ உயிரோட இருக்காரா, என்று கேட்டுவிட்டு மூச்சு விட்டார். அப்பா மிச்சத்தையும் கேட்பதற்காக ஓம் என்றார். பெட்டிக்குள்ளிருந்த குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

அப்பா தன் தம்பியைத் தன் கையால் புதைத்தவர். எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்திலும் அதைச் சொல்லியிருந்தார். இப்போது இரண்டு பதில்கள் முரண்பட்டன. தம்பியின் சாவிலேயே பொய் சொல்கிறவர் மற்ற எதிலும் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது? கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்து, அந்த ஓமை விளக்கி, அதை ஒரு ஆள் நம்பி, பிறகு எங்களை அழைப்பிக்கும் வரைக்கும் வருடங்கள் ஓடின. விமான நிலையத்துக்கு எனக்கென்று அப்பா வாங்கிக்கொண்டு வந்த சப்பாத்து என் குதிக்காலைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் அப்பா பெட்டியின் குரலைப் போலவும் அதிகாரியின் முகத்தைப் போலவும் செய்து காட்டிச் சொன்னார். அண்ணா மேசையைத் தட்டிச் சிரித்தார். கதை தம்பியைப் புதைத்த இடத்துக்கு வந்தபோது இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்.

பிறகு அப்பா, “தம்பி, இதை மேடையில கதைச்சுப் போடாத” என்றார்.

“சேச்சே. இது வீட்டுக் கதை, சித்தப்பா” என்றார் அண்ணா. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவர் புதிய நிகழ்ச்சியோடு வந்தார். இந்தத் தடவை விடுதியில்தான் தங்கினார். நேரமில்லை என்றார், நாங்களும் நம்பினோம். இலவச டிக்கெட் தருகிறேன் என்றதற்கு அப்பா மறுத்து, அது பெடியன்ர தொழில் என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்கினார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அந்த நிகழ்ச்சியைப் பற்றி வந்ததை நான் முன்பே படித்திருந்தேன். இந்த நடிகர் முதன்முறையாக முகமூடியைக் கழற்றித் தன் குடும்பத்தின் காயத்தைத் திறந்து காட்டுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் காயம் என்று யோசித்தேன். அண்ணாவின் அப்பா, என் பெரியப்பா, மாணவர் விசாவில் லண்டன் போய், கணக்காளராகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் விளையாடுகிறவர்.

அரங்கின் விளக்குகள் அணைந்தன. அண்ணா ஏணிப் பகிடியில் தொடங்கினார், சனம் கைதட்டியது. பிறகு, என் அப்பா ஒரு அகதி, என்றார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பேக்கரி ஆங்கிலம் அவருக்குப் போதும், மேடை ஆங்கிலம் வேகமானது. அவர் இன்னும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்.

அண்ணா மேடையில் தியானத்துக்கு உட்காரும் சாமியாரைப் போலச் சப்பாணி கட்டி அமர்ந்தார். கைகளை முழங்காலில் வைத்தார், கண்ணை மூடினார். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறாரா, என்று அதிகாரியின் குரலில் கேட்டார். பிறகு மூக்கால் நீளமாக இழுத்தார்: “ஓம்ம்ம்ம்.” அரங்கு வெடித்தது. இறந்துவிட்டாரா? “ஓம்ம்ம்ம்.” அதிகாரி பயபக்தியோடு பேனாவை வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து சாம்பிராணி கொளுத்துகிறார். சமோவாக்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். ஒன்றும் அறியாமல், அன்போடு, அப்பாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் என்னிடம் என்னவாம் என்று கேட்கவும் இல்லை. தங்கைதான் எழும்பப் பார்த்தாள். அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இருக்க வைத்தார். விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் எப்படி இருப்பாரோ, அப்படி முடிவு வரைக்கும் இருந்தார். தம்பியைப் புதைத்தது நிகழ்ச்சியில் வரவில்லை. வருடங்கள் வரவில்லை. அந்தக் கதையில் யாருமே சாகவில்லை.

வெளியே, சனம் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், அண்ணா அப்பாவைக் கட்டிப்பிடித்தார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

“அங்க இருந்தது உன்ர அப்பாவோ?” என்றார் அப்பா.

அண்ணா சிரித்தார். “சித்தப்பா எண்டா இவங்களுக்கு விளங்காது. அங்கிள் எண்டு சொன்னா பகிடி செத்துப்போகும். சித்தப்பாவும் அப்பாதானே?”

அந்த உறவுச் சொல்லுக்குள்ளிருந்து அப்பா என்பதை உருவி எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. காருக்குள் ஏறியதும் அப்பா சமோவாக்காரருடைய வீட்டுக்குப் போகும் வழியைத் தங்கையிடம் கேட்டார்.

அந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்காக லண்டனில் படம் பிடிக்கப்போகிறார்கள் என்று பிறகு தெரியவந்தது. நான் அண்ணாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள், இது அப்பாவுடையது, நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அவர் பதிலில் இரண்டே வரி எழுதியிருந்தார். நீ சொல்வது விளங்குகிறது, சித்தப்பாவோடு நானே நேரில் கதைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டார். அப்பா சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், கை ஈரம். தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். நான் கதவடியில் நின்றேன்.

அண்ணா நீளமாகப் பேசினார். தனக்கு வயது போகிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேடம் முடிந்ததிலிருந்து வருகிறதெல்லாம் பழையபடி டாக்ஸி என்றார். இருபது வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த மனிதர்களாக இருந்ததாகவும், இப்போதுதான் ஒரு சானல் தன்னை நம்பி ஒரு மணித்தியாலம் தருகிறதென்றும் சொன்னார். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அப்பா மீனின் செதிலைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஓம், என்றார். அண்ணா தொடர்ந்தார். அந்தப் பகுதி இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஓம், என்றார் அப்பா. பெயர் வராது, ஊர் வராது. ஓம். அதைப் போட நீங்கள் விட வேண்டும், சித்தப்பா.

“ஓம்...” என்றார் அப்பா, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

“தாங்க்யூ, சித்தப்பா. தாங்க்யூ சோ மச்” என்று அண்ணா சொன்னார். போன் அணைந்தது.

அப்பா கத்தியோடு திரும்பி ஜன்னலைப் பார்த்தார். “வைச்சிட்டானோ?” என்று கேட்டார். “அவன் கதைச்சு முடிக்கட்டும், பிறகு ஏலாது எண்டு சொல்லுவம் எண்டெல்லோ நிண்டனான்.”

திரும்பக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டார். பெரியம்மா, அவன்ர பிழைப்பில மண் போடாதை என்று அழுதார். அக்காவும் தங்கையும் வாராவாரம் கதைப்பது அதோடு நின்றது. ஒரு வழியாக எனக்கு அண்ணாவின் குரல் கிடைத்தபோது, படப்பிடிப்பு முடிந்திருந்தது.

“தம்பி, அவர் ஓம் எண்டவர்” என்றார் அண்ணா. “ரெக்கோர்டிங் இருக்கு. கொம்பனி கேட்டது, குடுத்திட்டன்.”

“அது என்ன ஓம் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

போனுக்குள், அவருடைய வீட்டில் எங்கோ ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் பாட்டுப் பாடுவது கேட்டது.

“இங்க்லிஷில அது யெஸ்தான், தம்பி” என்றார்.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. அவர் அறியாமல் செய்தார். உலகத்தில் அப்பாவின் ஓமுக்கு அர்த்தம் என்ன என்று அப்பாவின் வாயாலேயே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட வெளியாள் ஒருவர்தான் இருந்தார். அண்ணா அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்தினார். எதைச் சொன்னால் அப்பா ஓம் என்பார், எங்கே நிறுத்தி, எந்த நொடியில் போனை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. சிரிப்பு வரும் நொடியை இருபது வருடம் அளந்த மனிதர்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அந்தத் துண்டு மட்டும் வெட்டப்பட்டு, வாட்ஸப்பில் உலகம் சுற்றி, எங்கள் கோயில் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அதில் சொல்லப்படும் அப்பா யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேன்முறையீட்டுக் காலத்தில் எங்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களே அங்கே இருந்தார்கள். கெட்ட மனதோடு யாரும் செய்யவில்லை. அப்பாவைக் கண்டால் சிலர், “ஓம் அண்ணை, எப்பிடிச் சுகம்?” என்றார்கள். பிள்ளைகள் சப்பாணி கட்டிக் காட்டினார்கள். ஒரு அன்னதானத்தில் சோறு பரிமாறிய ஒருவர் இன்னும் போடவா என்று கேட்டு, பதில் வருமுன்பே தானே மூக்கால் இழுத்துச் சொன்னார். வரிசையே சிரித்தது. அப்பா வாழையிலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் போனில் ஓம் சொல்வதை விட்டுவிட்டார். யாராவது கூப்பிட்டுப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிறார். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து, ஹலோ, ஹலோ என்கிறார்கள். இருக்கிறன், என்கிறார் அப்பா. சொல்லுங்கோ என்கிறார். பிறகு மறுபடியும் மௌனம். வவுனியாவிலிருக்கும் அவருடைய மூத்த சகோதரி, என்னோடு கோபமோ என்று கேட்டு அழுதிருக்கிறார்.

வழக்கறிஞரிடம் போவோம் என்று சொன்னது நான்தான். படித்த பிள்ளை சொன்னால் ஏதாவது வழி இருக்கும் என்று அப்பா நம்பினார். எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. அப்பா கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கறிஞர் பொறுமையான பெண்மணி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமான பொருள் அல்ல. பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. கம்பனி பிரித்தானியாவில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிப்பதிவில் சம்மதம் இருக்கிறது.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா யோசித்துவிட்டு, நான் சொன்னது சம்மதம் இல்லை எண்டு காட்ட ஏலுமோ என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

வழக்கறிஞர் அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், என்று அவரையே கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் பேக்கரி ஆங்கிலத்தில் தானே சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்றார்.

வழக்கறிஞர் தலையாட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இதை ஒரு நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகவும் கடினம் என்றார். முயற்சி செய்தால் அந்த ஒலிப்பதிவை அங்கே எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வரவேற்பு மேசையில் இருந்த பெண் காசு கட்டும் மெஷினை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். நான் என் அட்டையை எடுத்தேன். அப்பா என் கையை விலக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்தார். ஒரு மணித்தியால ஆலோசனை. ஜி.எஸ்.டி. சேர்த்து நானூற்று அறுபது டொலர்.